வேலையிலும் வளர வேண்டும், உடம்பும் மனமும் நன்றாக இருக்க வேண்டும்: ஐடி ஊழியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐடி வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆனதும் ஏதோ ஒரு அப்ரைசல் கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "அடுத்த லெவலுக்கு ரெடியா?" அதுவரை தன் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர், அதன் பிறகு நாலு பேர் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். கிளையன்ட் கால், எஸ்கலேஷன் (மேலிடம் வரை போகும் புகார்), ரிலீஸ் இரவு (மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் இரவு) எல்லாம் சேர்ந்துகொள்ளும். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவையும் அதே வயதில்தான் வந்து நிற்கும். முப்பது வயதில் கழுத்து வலி, முப்பத்திரண்டில் சர்க்கரை, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சில் ஒரு பாரம் என்று சொல்பவர்களைப் பல டீம்களில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நன்றாக வேலை செய்பவர்கள். அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை.

நலத்தையும் வளர்ச்சியையும் ஒரே பேச்சில், ஒரே காலண்டரில் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலையின் அளவையும் நேரத்தையும் தொடாமல் புதன்கிழமை யோகா வகுப்பும் மன அழுத்தம் பற்றிய வெபினாரும் எத்தனை நடத்தினாலும் பெரிய பலன் கிடையாது. சென்னை ஓஎம்ஆரில், கோவையில், பெங்களூரில் நாலு முதல் பன்னிரண்டு வருட அனுபவத்தோடு இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பல நிறுவனங்களில் ஏப்ரல், மே மாதங்களில் வருட இலக்குகளை எழுதச் சொல்வார்கள். தொடங்குவதற்கு அதுதான் சிறந்த நேரம். மற்ற மாதத்தில் தொடங்கினாலும் தவறில்லை.

படி 1: இரண்டு வாரக் கணக்கு எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறிய கணக்கு எழுதுங்கள். போனில் ஒரு நோட் போதும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கிய நேரம், கடைசியாக லேப்டாப்பை மூடிய நேரம், இரவு 8 மணிக்கு மேல் வந்த கால்கள், பயண நேரம், தூங்கப் போன நேரம், எழுந்த நேரம். இதோடு இன்னொரு வரி: இன்று செய்த வேலையில் எது என் வளர்ச்சிக்கு உதவும்?

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். பெருங்களத்தூரில் காலை 8:15க்குக் கிளம்பி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக 9:30க்குச் சிறுசேரி. மாலை 6:30க்குக் கிளம்பினால் நெரிசலில் வீடு சேர 8 மணி. 8:30 முதல் 9:30 வரை கிளையன்ட் கால். அப்புறம் 10 முதல் 11 வரை மெயில். மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் கழித்தாலும் வேலை 10 மணி 15 நிமிடம். ஐந்து நாளைக்கு 51 மணி 15 நிமிடம். சனிக்கிழமை ரிலீஸுக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 55ஐத் தாண்டிவிடும். பயணம் தனியாக வாரத்துக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம். இவரைக் கேட்டால், "ஒன்பது மணி நேர வேலைதான்" என்றே சொல்வார். அதனால்தான் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

55 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்பது அதன் முடிவு. 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேர உழைப்பு பற்றிப் பேசியபோது நாடு முழுக்க விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் இந்த ஆய்வும் கூடவே பேசப்பட்டிருக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 சொல்வது நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தால்கூட நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணிதான் எல்லை. நாளைக்கே போய் எச்ஆரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வாரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

படி 2: இந்த வருடம் எந்த வளர்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

"வளரணும்" என்று பொதுவாக நினைத்துக்கொண்டிருப்பவர்தான் வரும் வேலையை எல்லாம் தலையில் ஏற்றிக்கொள்வார். பதவி, புதிய திறன், சம்பளம், வேறு துறைக்கு மாறுவது, நான்கும் நான்கு விதமான உழைப்பு கேட்பவை. ஒரு வருடத்துக்கு ஒன்றை முதன்மையாக வையுங்கள்.

டீம் லீட் ஆவதுதான் ஒரே ஏணி என்று நினைக்க வேண்டாம். பல நிறுவனங்களில் ஆட்களை நிர்வகிக்காமல் தொழில்நுட்பத்திலேயே மேலே போகும் பாதையும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. நீங்கள் விரும்பும் பதவியில் ஏற்கனவே இருக்கும் ஒருவரை டீக்கு அழைத்து, போன செவ்வாய்க்கிழமை காலை முதல் இரவு வரை என்ன செய்தார் என்று கேளுங்கள். பதவியின் பெயரை வைத்துப் பேசினால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் எத்தனை மணி நேரம் எக்செல் ஷீட், எத்தனை பேரின் சண்டை, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று முழுப் படமும் கிடைத்துவிடும். அந்த நாள் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவு செய்ததும் இரண்டு வரி எழுதுங்கள். மேல் வரியில் வேலை இலக்கு, கீழ் வரியில் அதற்காக எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்பது. "மார்ச்சுக்குள் டெஸ்ட் லீட். வாரத்தில் ஐந்து இரவாவது 11 மணிக்குத் தூக்கம்." இப்படி எண்ணோடு எழுதினால்தான் பிறகு சரிபார்க்க முடியும்.

படி 3: உடம்பின் இன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கம்பெனி தரும் வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக் கூப்பனைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. இந்த மாதமே பயன்படுத்துங்கள். ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி), கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி, பி12 ஆகியவை போதும். ஏசி அறையில் நாள் முழுக்க இருப்பவர்களுக்கும் இரவு ஷிப்ட்காரர்களுக்கும் வெயிலே படுவதில்லை. வைட்டமின் டி குறைவது இவர்களுக்குச் சகஜம்.

எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரையின் வாசல்படி. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம், மருத்துவர் மறுபடி பரிசோதித்து உறுதி செய்வார். நம் நாட்டு ஆட்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் எடையைவிட இடுப்பளவை நம்புங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டிவிட்டு ஜனவரியோடு நிறுத்துவதைவிட, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேம்பஸைச் சுற்றி 15 நிமிடம், பேச மட்டும் தேவைப்படும் கால்களை நடந்துகொண்டே முடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைப்பதைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஒரு தனி கீபோர்டு வாங்கி, லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகத்தின் மேல் ஏற்றிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தாலே கழுத்து வலி பெருமளவு குறையும்.

படி 4: தூக்கத்தையும் கால் நேரத்தையும் ஒன்றாகச் சரிசெய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு இதுதான் முக்கியமானது. தூக்கம் சரியாக இருந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். சென்னை ஐடி வேலையில் தூக்கத்தைத் தின்பது பெரும்பாலும் கால் நேரம்தான்.

முதலில் நேர வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. கலிபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் சேரும். அவர்களின் காலை 9 மணி நமக்கு இரவு 9:30 அல்லது 10:30. லண்டன் கிளையன்ட் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நவம்பர் மாதம் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும்போது நம் கால் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அந்த நேரத்தில்தான் பலரின் தூக்கம் சத்தமில்லாமல் போகிறது. அக்டோபரிலேயே பேசி, அந்த ஊர் நேரப்படி அரை மணி முன்னால் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலான கிளையன்ட்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பல டீம்களில் யாரும் கேட்பதே இல்லை.

நகர்த்த முடியாத கால்களை டீமில் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாக் காலிலும் எல்லோரும் இருக்க வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு மேல் கால் இருந்தால் மறுநாள் லாகின் 11 மணிக்கு என்று டீம் விதியாகவே எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் மேனேஜர் மாறும்போது அதுவும் போய்விடும்.

முழு இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007லும், மறுபடி 2019லும் ஆராய்ந்து, இரவு ஷிப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. இரவு ஷிப்டை வருடக்கணக்கில் நீட்டிக்காமல், எப்போது பகலுக்கு மாறுவோம் என்று ஒரு தேதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஷிப்டில் இருக்கும் வரை படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், காலையில் வீடு திரும்பும்போது கருப்புக் கண்ணாடி அணியுங்கள். காபியின் வீரியம் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், தூங்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள். ஷிப்ட் முடிந்து கண் சொருகும்போது பைக்கில் கிளம்பாதீர்கள். ஆபீஸ் கேப் காலதாமதமானாலும் பரவாயில்லை, அதிலேயே வாருங்கள்.

படி 5: மேனேஜரிடம் பேசுங்கள், பேசியதை எழுதி அனுப்புங்கள்

இதுவரை சேர்த்தது எல்லாம் இந்த ஒரு அரை மணி நேரப் பேச்சுக்காக. ரிலீஸ் வாரத்தில் கேட்காதீர்கள். ஒன்-ஆன்-ஒன் கூட்டத்தில், முன்கூட்டியே "அடுத்த ரோல் பற்றிப் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். மூன்றே விஷயங்கள்: புது வேலை வந்தால் பழையதில் எது போகும், கற்றுக்கொள்ள நேரம் எப்போது, இரவுக் கால்களின் எல்லை என்ன.

ஆறு வருட அனுபவமுள்ள டெஸ்டர் ஒருவர், மே மாதத் தொடக்கத்தில் தன் மேனேஜரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். (ரெக்ரஷன் ரிப்போர்ட் என்பது புது மாற்றத்தால் பழையது எதுவும் உடையவில்லையா என்று பார்க்கும் சோதனையின் அறிக்கை; டிஃபெக்ட் ட்ரையாஜ் என்பது வந்த பிழைகளை அவசர வரிசைப்படி பிரிப்பது.)

"லீட் ரோல்ல எனக்கு ஆர்வம் இருக்கு சார், எடுத்துக்கிறேன். இப்ப என்கிட்ட இருக்கிற ரெக்ரஷன் ரிப்போர்ட்டும் டிஃபெக்ட் ட்ரையாஜும் யாருக்குப் போகும்னு தெரிஞ்சுக்கணும்."

"முதல் ரெண்டு மாசம் நீங்களே பாத்துக்குங்கம்மா. அப்புறம் பாக்கலாம்."

"சரி சார். ரெண்டு மாசம்னா ஜூலை முதல் வாரம். அதுக்குள்ள ஒருத்தருக்கு நான் முழுசா சொல்லிக் கொடுத்துடறேன். யாருன்னு இப்பவே முடிவு பண்ணிட்டா இந்த மாசமே ஆரம்பிச்சிடலாம்."

"ம்ம்... யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்."

"இன்னொண்ணு. போன ரெண்டு வாரக் கணக்கு எழுதிப் பாத்தேன். ராத்திரி 8 மணிக்கு மேல வாரத்துக்கு நாலு கால் வருது. ரெண்டை நான் கண்டிப்பா எடுத்துக்கிறேன். ஸ்டேட்டஸ் கால் ரெண்டையும் அவங்க காலை எட்டரைக்கு வெச்சா நமக்குச் சாயங்காலம் 6 மணி. கிளையன்ட்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமா?"

"ஒத்துக்குவாங்களான்னு தெரியல. கேட்டுப் பாக்கறேன்."

இதில் அவர் "எனக்கு முடியல" என்று தொடங்கவில்லை. ரோலை ஏற்றுக்கொண்டார். "அப்புறம் பாக்கலாம்" என்பதைப் பிடித்து ஒரு தேதியாக மாற்றினார். கணக்கு கையில் இருந்ததால் "ரொம்ப கால் வருது" என்று புலம்பாமல் நாலு என்று சொல்ல முடிந்தது. மாற்று வழியையும் அவரே கொண்டுவந்தார். நல்ல மேனேஜருக்கு இது உதவி. அவ்வளவு நல்லவராக இல்லாத மேனேஜருக்கும், எண்ணோடு வரும் கோரிக்கையை ஒதுக்குவது கஷ்டம்.

அன்றே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். நாலு வரி போதும்: "இன்று பேசியதன்படி, ஜூலை முதல் வாரத்தில் ரெக்ரஷன் ரிப்போர்ட்டும் ட்ரையாஜும் இன்னொருவருக்கு மாறும். யார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகக் கூறினீர்கள். ஸ்டேட்டஸ் கால் நேரத்தை மாற்ற கிளையன்டிடம் கேட்கிறீர்கள். செவ்வாய், வியாழன் காலை ஒரு மணி நேரம் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறேன். ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்." ஆறு மாதம் கழித்து மேனேஜர் மாறினாலும், ரேட்டிங் பற்றிக் கேள்வி வந்தாலும் இந்த மெயில்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

மறுத்துவிட்டால்? ஒரு மாதம் கழித்துப் புதிய கணக்கோடு மறுபடி கேளுங்கள். மூன்றுக்கு ஒன்றாவது கிடைத்ததா என்று பாருங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அந்த ரோல் உண்மையில் எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இந்த வழிகாட்டியின் கடைசிப் படிக்குப் போங்கள்.

படி 6: படிப்பு ஆபீஸ் நேரத்துக்குள்

குழந்தை தூங்கிய பிறகு இரவு 11 மணிக்கு உட்கார்ந்து கோர்ஸ் பார்ப்பதைத் தியாகமாகப் பேசுவார்கள். அந்த நேரத்தில் படித்தது மண்டையில் நிற்காது, தூக்கமும் போகும். கம்பெனிக்குப் பயன்படும் திறனைக் கம்பெனி நேரத்தில் கற்பதில் எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், காலையில் மெயில் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் என்று காலண்டரில் அடைத்துவிடுங்கள்.

எதைப் படிப்பது? ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் தளத்தில் 4, 8, 12 வாரப் படிப்புகள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் ஒரு தொகை. வேலையோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு 4 வாரம் அல்லது 8 வாரம் சரியாக இருக்கும். 12 வாரப் படிப்பை நடுவில் வரும் ஒரு ரிலீஸ் விழுங்கிவிடும். கிளவுட் சான்றிதழ் தேர்வுகளுக்குப் பல கம்பெனிகள் பணத்தைத் திருப்பித் தருகின்றன. ஆனால் முன்அனுமதி கேட்பார்கள், பணம் கட்டும் முன் எச்ஆரிடம் விசாரியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு படிப்பு. அதில் கற்றதை ஆறு வாரத்துக்குள் பிராஜெக்டில் எங்காவது பயன்படுத்திவிடுங்கள். அப்ரைசலில் சான்றிதழைவிட அதற்குத்தான் மதிப்பு.

படி 7: லீட் ஆன பிறகு

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "சொல்லிக் கொடுக்கிற நேரத்துல நானே முடிச்சிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் உங்களையும் அழுத்தும், ஜூனியரையும் வளரவிடாது. வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது என்ன வேண்டும், எப்போது வேண்டும், எந்த இடத்தில் மாட்டினால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

இரவு 11 மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை வந்தால், மறுநாள் காலை 9:30க்குப் போகும்படி மெசேஜை ஷெட்யூல் செய்யுங்கள். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதினாலும், லீடின் மெசேஜைப் பார்த்த ஜூனியர் அந்த இரவே லேப்டாப்பைத் திறப்பார். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. நம் டீமுக்கு ஒரு லீடின் பழக்கமே அந்தப் பாதுகாப்பைக் கொடுத்துவிடும்.

படி 8: லீவை வருடத் தொடக்கத்திலேயே போடுங்கள்

முன்பு சொன்ன அதே 1947 சட்டத்தின்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு, 12 நாள் வரை நோய் விடுப்பு, 12 நாள் வரை தற்செயல் விடுப்பு உண்டு. உங்கள் கம்பெனி இதைவிடக் கூடுதலாகவும் தரலாம். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் லீவு உறவுகளுக்கானது; அலைச்சலோடு திரும்பி வருவோம். அதைத் தவிர, எந்த விசேஷமும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து ஐந்து நாள் எடுங்கள். ஜனவரியிலேயே விண்ணப்பித்தால் மறுப்பது அரிது. போகும் முன் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, போனிலிருந்து ஆபீஸ் ஆப்பை எடுத்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் நோய் விடுப்பு போடுங்கள். வீட்டில் படுத்துக்கொண்டே லாகின் செய்வது விடுப்பும் ஆகாது, வேலையும் ஆகாது.

குழந்தைப்பேறுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத் திருத்தத்தில் வந்ததுதான். திரும்பி வரும் முதல் மாதத்தில் என்ன வேலை, அந்த வருட ரேட்டிங்கை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை விடுப்பில் போகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 9: வீட்டிலும் ஒரு பேச்சு வேண்டும்

புது ரோலுக்குச் சரி சொல்லும் முன், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். 2024இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மனைவிக்குப் பதவி உயர்வு வந்தால் அந்த மூன்று மணி நேர வித்தியாசம் எங்கே போகும்? பேசாமல் விட்டால் அவள் தூக்கத்திலிருந்துதான் போகும்.

"நான் ஹெல்ப் பண்றேன்" என்பது பலனளிக்காது. எந்த வேலை முழுக்க யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலை டிபனும் குழந்தையின் ஸ்கூல் பையும் ஒருவர் என்றால், இட்லி மாவு தீர்ந்ததா என்று நினைவு வைத்துக்கொள்வதும் அவர்தான். பெற்றோர் கூட இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், ஆனால் அறுபத்தைந்து வயது அம்மாவின் தோளில் ஏற்றிவிட்டு உங்கள் சுமை குறைந்ததாக எண்ண வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் சமையலுக்கு ஆள் வைப்பதற்குச் சம்பள ஹைக் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டால் அது வீண் செலவே கிடையாது.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஆறு மாதச் செலவுக்கான தொகை, ஈஎம்ஐ சேர்த்து, தனி வைப்பில் இருக்கட்டும். மேனேஜரிடம் நிமிர்ந்து பேச அது தரும் தைரியத்தை வேறு எதுவும் தராது. கம்பெனியின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் சொந்தமாகவும் ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள்.

படி 10: எல்லை தாண்டினால் உதவி கேளுங்கள்

வேலைச் சோர்வு நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று அடையாளங்களோடு வரையறுத்தது: ஓய்வெடுத்தாலும் போகாத களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு அல்லது விலகல், முன்பு செய்ததைப்போலச் செய்ய முடியவில்லை என்ற நிலை. தூங்கி எழுந்தும் உடம்பு எழவில்லை, பிடித்த விஷயம்கூடப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே அழையுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கம்பெனியின் கவுன்சலிங் சேவையைப் பயன்படுத்துவதானால், பேசியது எச்ஆருக்குப் போகுமா என்று முதல் அழைப்பிலேயே நேராகக் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வசதி தர வேண்டும்.

உங்கள் சோர்வுக்குக் காரணம் ஒருவரின் பாலியல் தொல்லை என்றால் யோகாவும் லீவும் அதற்குத் தீர்வு கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

படி 11: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், தேவைப்பட்டால் கிளம்புங்கள்

ஜூலை, அக்டோபர், ஜனவரியில் ஒரு வாரம் மறுபடி அந்தக் கணக்கை எழுதுங்கள். மொத்த மணி நேரம், தூக்கம், 8 மணிக்கு மேல் கால்கள், படி 2இல் எழுதிய இரண்டு வரிகள். பதவி கிடைத்தும் கீழ் வரி தொடர்ந்து உடைந்துகொண்டிருந்தால் படி 5க்குத் திரும்புங்கள். இரண்டு முறை பேசியும் எதுவும் நகரவில்லை என்றால் முதலில் அதே கம்பெனியில் வேறு பிராஜெக்ட் கேட்டுப் பாருங்கள். ஐடியில் பல நேரம் கம்பெனியை மாற்றுவதைவிட அக்கவுன்ட்டை (எந்தக் கிளையன்டுக்கு வேலை செய்கிறோம் என்பதை) மாற்றுவது பெரிய வித்தியாசம் தரும்.

அதுவும் நடக்காவிட்டால் வெளியே தேடுங்கள். இன்டர்வியூவில் சம்பளத்தோடு டீம் எந்த நேரத்தில் வேலை செய்கிறது, ஆன்-கால் முறை (வேலை நேரத்துக்கு வெளியே கூப்பிட்டாலும் வர வேண்டிய பொறுப்பு) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதையும் கேளுங்கள். நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 60 அல்லது 90 நாள். அதைக் குறைக்கச் சொல்லிப் புதுக் கம்பெனி அவசரப்படுத்தும், பழைய கம்பெனி கடைசி நாள் இரவு வரை வேலை வாங்கும். ஆஃபர் கையெழுத்தாகும் முன்பே, பழைய இடத்தில் கடைசி நாளுக்கும் புது இடத்தில் சேரும் நாளுக்கும் நடுவில் இரண்டு வாரம் இருக்கும்படி சேரும் தேதியைப் பேசி வாங்கிவிடுங்கள். பிஎஃப்புக்கான யூஏஎன் எண் பழையதையே கொடுங்கள், பிஎஃப் அதே எண்ணில் தொடரும். பழைய கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி நாளோடு முடிந்துவிடும் என்பதால், அந்த இரண்டு வாரத்துக்கும் சொந்தக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.